வாசமில்லாத இருவாச்சி

உக்காருங்க அம்மிணி, உக்காருங்க. நீங்க ஜன்னலோரம் போயிருங்க, தொட்டிய நான் மடியில வச்சுக்கறேன். பஸ்ஸு பிதுங்கி வழியுது, ஆனா என்ற பக்கத்துல மட்டும் ஒருத்தரும் உக்காரல பாத்தீங்களா? உங்களுக்கு முந்தி ஒருத்தி உக்காந்தா. மூஞ்சியச் சுளிச்சுட்டு எந்திரிச்சு அக்கட்டப் போயி நின்னுக்கிட்டா. செடி, மண்ணுன்னா இப்பத்தப் புள்ளைகளுக்கு ஆகறதில்ல. துணியில பட்டுருமாம். தூசிக்குங்களா கர்ச்சீப்பு? வச்சுக்குங்க, நல்லா மூடிக்குங்க. இந்த ரோட்டுல எப்பப் பாத்தாலும் புழுதிதான்.

எங்க போறேன்னு கேக்கறீங்களா? தோட்டத்துப்பிரிவு நர்சரிக்கு. செடி வாங்க இல்லீங்க, திருப்பிக் குடுக்க. இந்தத் தொட்டி அந்த நர்சரிக்காரன் குடுத்ததுதான். இருவாச்சி. மல்லி மாதிரிதான், ஆனா பூ பெருசு, அடுக்கடுக்கா இருக்கும். கூடை மல்லிக்கு நடுவால ஒத்த இருவாச்சி கெடந்தாலும் அதோட வாசந்தான் முன்னால வரும்னு சொல்லித்தான் குடுத்தான். நேத்துப் பூத்துச்சுங்க. மூக்குக்குள்ளயே வச்சு மோந்து பாத்தேன். ஒண்ணுமில்ல. பச்சத் தண்ணிய மோந்தாப்பல இருக்குது. ஏமாத்திப் போட்டான். இன்னைக்கு அவன உண்டு இல்லைன்னு ஆக்கீட்டுத்தான் ஊடு திரும்புவேன்.

ஒரு தொட்டிச் செடிக்கு இத்தன ஆங்காரமான்னு நீங்க நெனைப்பீங்க. ஒரு தொட்டி இல்லீங்க இது. கேளுங்க, சொல்றேன்.

அந்தக் கொரோனா ரெண்டாந்தடவ வந்துச்சுல்லீங்க, அப்ப எனக்கும் எங்கூட்டுக்காரருக்கும் ஒட்டுக்காக் காச்சலு. ஆண்டவன் புண்ணியத்துல பொழைச்சுக்கிட்டோம். எந்திரிச்சு வந்து பாத்தா ஒலகமே மாறிப்போச்சு. நான் சொன்னா யாரும் நம்பறதில்ல. எந்தச் சாமானுலயும் சத்தில்ல. பெருங்காயம் பெருங்காயமா இல்ல. காப்பிக்கொட்டைய வறுத்துக் கண்ணு முன்னால அரைச்சு வாங்கியாந்தா மண்ணாட்டம் இருக்குது. கொத்தமல்லித்தழையக் கசக்கி மோந்தா ஒண்ணுமே வரதில்ல. மளிகைக் கடையயே மாத்துனேன், புதுக் கடைக்காரனும் அதே களவாணி. எல்லாம் உரம், எல்லாம் மருந்து. ஊரடங்குல கலப்படம் பண்ணிப் பழகிட்டானுக, அப்பறம் நிறுத்தவே இல்ல.

எங்கூட்டுக்காரருக்கு மட்டும் எல்லாமே மணக்குது. ரசம் மணக்குதும்பாரு, சாம்பார் மணக்குதும்பாரு. அந்த மனுசன் கல்யாணமான நாள்ல இருந்தே அப்படித்தான். எதப் போட்டாலும் தின்பாரு.

சரி, சோத்த விடுங்க. பூ போனதுதான் எனக்குத் தாங்கல. எனக்குப் பூவுன்னா உசுருங்க. ஒரு மொழம் மல்லிய வச்சுட்டுப் போனா நான் போன பொறகும் அந்த எடத்துல வாசம் நிக்கும். இப்ப வச்சா, காகிதத்தத் தலையில சொருகினாப்பல இருக்குது. பூவோட சேந்த நாரும் மணக்கும்பாங்க. பூவே மணக்கலீங்க, நாரு எங்க போயி மணக்கறது? அப்பறம் போன வருசம் என்ற மகளுக்குக் கொழந்த பொறந்துச்சு. பொட்டப்புள்ள, மூக்கும் முழியுமா இருக்குது. கைல வாங்குனதும் உச்சியில மூக்க வச்சேன். பச்சக் கொழந்தைகிட்ட ஒரு பால் வாசம் வருமில்லீங்க? வரல. என்ன கருமத்தப் போட்டுக் குளிப்பாட்டறே, புள்ள வாசமே போச்சேன்னு மககிட்டச் சண்ட போட்டேன். அவ அழுதா. நானும் அழுதேன். அப்படியும் அந்தச் சோப்ப அவ மாத்தல, பாத்துக்குங்க.

அன்னைக்குத்தான் முடிவு பண்ணுனேன். ஒலகம் வெசமாப் போறதுன்னா போகட்டும். என்ற ஊட்டுப் பொடக்காலியில நான் வாசத்தத் திருப்பிக் கொண்டாந்து காட்டறேன். ஒரு சொட்டு மருந்தில்லாம, ஒரு புடி உரமில்லாம.

பொடக்காலின்னா பெருசா நெனச்சுக்காதீங்க. ஊடு கட்டுனது போகப் பின்னால மிச்சம், நாலஞ்சு கட்டில் போடலாம். அதுல காங்கிரீட்டுப் போட்டுக் காரு நிறுத்தோணும்னு எங்கூட்டுக்காரருக்கு ஆசை. காரு இன்னும் வாங்கவே இல்லீங்க. நான் கோலப்பொடியோட போயி மண்ணுல புள்ளி வச்சேன். ஊடுபுள்ளி. நேர்ப்புள்ளியா வச்சா ஒரு செடி நெழலு இன்னொரு செடி மேல விழும், தண்ணி ஊடால ஓடிப் போயிரும். ஊடுபுள்ளியில ஒரு செடியோட சந்துல அடுத்த செடி நிக்கும். புள்ளிக்கு ஒரு குழி. எங்கூட்டுக்காரரு வந்து பாத்துட்டு, மார்கழிக்கு இன்னும் நாள் கெடக்குதேன்னாரு. அந்தக் கேலியெல்லாம் காதுல வாங்குனா ஒரு செடி வைக்க முடியாது.

வெயில் அடிக்கற பக்கம் மல்லி. செவுத்தோரம் முல்லைக்கொடி. நடுவால சம்பங்கி. ஓரம் பூரா செண்டுமல்லியும் மரிக்கொழுந்தும், அது இருந்தா வேருக்குப் பூச்சி வராது. வேசகாலத்துக்கு மல்லி, மழைக்கு முல்லை, பனிக்குச் செவ்வந்தின்னு ஒண்ணு ஓஞ்சா ஒண்ணு பூக்கறாப்பல வச்சேன். தண்ணிக்குக் கொழாயத் தொறக்கறதே இல்ல. துணி தொவைக்கற தண்ணி, பாத்திரம் கழுவற தண்ணியெல்லாம் ஒரு கல்லுக் குழியில எறங்கி, கல்வாழை வேருல வடிஞ்சு, தெளிஞ்சு செடிக்குப் போயிரும். வேப்பஞ்சருகக் கூட்டி வேருமேல மூடாக்குப் போட்டாச்சு. புதுச்செடி வேணும்னா கெளைய வளைச்சு மண்ணுல பதியம் போட்டுக்குவேன். நல்லா வந்துச்சுங்க. கையகலத்துக்கு மண்ணு வெளிய தெரியாது, அத்தன பூவு. தேனீ வருது, பட்டாம்பூச்சி வருது. வாசம் மட்டும் வரல.

மண்ணுக்கு இன்னும் ஊட்டம் பத்தலைன்னு புரிஞ்சுக்கிட்டேன். அதுக்குத்தான் மீன் அமிலம். மீன் கடையில வெட்டிப் போடற தலை, கொடலு, செதிலு, அதுக்குச் சமமா வெல்லத்தப் போட்டு டிரம்முல மூடி வச்சரோணும். மூணு வாரத்துல பழவாசம் வரும், அப்ப எடுத்துத் தண்ணியில கலந்து ஊத்துங்கன்னு இயற்கை வெவசாயக் கூட்டத்துல சொல்லிக் குடுத்தாங்க. அத்தன வெல்லம் எதுக்குன்னு நான் பாதிதான் போட்டேன். மூணு வாரமாச்சு, பழவாசம் வரல. மாசமாச்சு, வரல. தெனமும் காலையில ஒருக்கா, பொழுதோட ஒருக்கா தொறந்து, குச்சிய விட்டுக் கலக்கி, குனிஞ்சு மோந்து பாப்பேன். பழவாசமும் இல்ல, எந்த வாசமும் இல்ல. இன்னும் பதமாகலைன்னு மூடிருவேன். பொங்கலுக்குப் போட்டதுங்க. ஆடி வந்துருச்சு.

தெருக்காரங்க கெளம்பிட்டாங்க. நாறுதாம். தெருவே நாறுதாம். சோத்துல கை வைக்க முடியலையாம். எதுத்த ஊட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தவங்க காப்பியக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாங்களாம். பொண்ணு புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லோணும், என்ற டிரம்மு மேல எதுக்குப் பழியப் போடறீங்கன்னு கேட்டுட்டேன். தெனம் ரெண்டு வேள அதுக்குள்ளயே மூஞ்சிய வச்சிருக்கறவ நானு. நாறுனா எனக்குத் தெரியாதுங்களா? அத்தனையும் பொறாமை. அவங்கூட்டுல சிமெண்டுத் தரை, எங்கூட்டுல பூவு.

இதுல பக்கத்து ஊட்டு வசந்தாமணி டீச்சரு ஒரு தனிக் கத. ரிட்டயர்டாயிட்டாங்க. வெடியக்காலம் வாக்கிங் போறேன்னு கெளம்புவாங்க, கையில தொரட்டி. வாக்கிங் போறவங்களுக்குத் தொரட்டி எதுக்குங்க? செவுத்துக்கு அக்கட்ட நின்னு என்ற முல்லைக்கொடிய வளைச்சு, மொட்டு மொட்டா உருவிப் பையில போட்டுக்குவாங்க. ஒரு நாள் கேட்டதுக்கு, "சாமிக்குத்தானே கருணாம்பா, உனக்கும் பாதிப் புண்ணியம்"ங்கறாங்க. பாதிப் புண்ணியத்த வச்சு நான் என்ன பண்றது? பூவு முழுசும் என்றதாச்சே!

இன்னொருக்கா கையும் களவுமாப் புடிச்சேன். "ஏனுங் டீச்சரம்மா, வாசமே இல்லாத பூவத் திருடறீங்களே, வெக்கமா இல்லீங்களா?"ன்னேன்.

"வாசமில்லையா? என்ன கருணாம்பா சொல்றே? உன்ற முல்லை பூத்தா எங்கூட்டு ஹாலு பூரா நெறையுது. உச்சந்தலைக்கு ஏறுது. உன்ற டிரம்மு நாத்தத்த நான் பொறுத்துக்கறதே இந்தப் பூவுக்காகத்தான்"ங்கறாங்க.

பாத்தீங்களா? ஒரே வாயில நாத்தம்ங்கறது, அதே வாயில வாசம்ங்கறது. ரெண்டுல எது நெசம்னு கேட்டேன். அதுக்கு, "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசம்"னு மொணங்கிட்டே போறாங்க. நான் விடுவனா? தெருவே கேக்கறாப்பல கேட்டுட்டேன், டீச்சருக்குப் படிச்சுட்டுத் திருடப் போனீங்களான்னு.

அதுக்கு மறுநா அந்தம்மா கேட்டு வழியா வந்தாங்க. தொரட்டி இல்ல. என்ற மூக்குக்கு நேரா உள்ளங்கைய நீட்டி, "இது என்ன வாசம்னு சொல்லு"ன்னாங்க. "என்ன வாசம், வெறுங்கை"ன்னேன். "ஜவ்வாது தேச்சிருக்கறேன் கருணாம்பா"ன்னு மெதுவாச் சொன்னாங்க. "ஒருக்கா டாக்டருகிட்டப் போயிட்டு வா, நான் வேணாக் கூட வர்றேன்"னாங்க. எப்படி இருக்கும் எனக்கு? புத்தி கெட்டுப்போச்சுங்கறத நாசூக்காச் சொல்ல வந்திருக்கறாங்க. அந்த ஜவ்வாது போலியாத்தான் இருக்கோணும், எந்தக் கடையில ஏமாந்தாங்களோ. கேட்டச் சாத்திட்டேன். ஆனா போறப்பத் திரும்பி ஒரு பார்வ பாத்தாங்க பாருங்க. அந்தப் பார்வ... அத விடுங்க. அதுல இருந்து அவங்க பூவுக்கு வரதே இல்ல. பயந்துட்டாங்க.

போன வாரம் லேஅவுட்டு சங்கத்துக்காரங்க வந்தாங்க. வரப்பவே மூக்கப் பொத்திட்டு வர்றாங்க, நாடகம். ஓடி ஒளியறவளா நான்? டிரம்முக்குப் பக்கத்துலயே சேரப் போட்டு உக்கார வச்சுக் காப்பி குடுத்தேன். ஒருத்தரும் குடிக்கல. தோட்டம் இருக்கட்டும், டிரம்ம எடுங்கன்னாங்க. ஊட்டமில்லாம தோட்டம் ஏதுங்க? நான் மாட்டவே மாட்டேன்னேன். அப்பப் பாத்து எங்கூட்டுக்காரரு அவங்க பக்கம் சேந்துக்கிட்டாரு. என்னைக்கும் கொரல் ஒசத்தாத மனுசன் கத்தறாரு. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒலகத்துல இருக்கற பூவெல்லாம் கெட்டுப்போச்சு, உன்ற மூக்கு மட்டும் நல்லாயிருக்குதா?"ன்னாரு. நாலு பேருக்கு முன்னால.

எனக்கு வந்துச்சுங்களே ஆங்காரம். அங்கயே சொன்னேன். "இருவாச்சி மொட்டு வச்சிருக்குது. அது பூக்கட்டும். வாசம் வந்துச்சுன்னா தோட்டமும் இருக்கும், டிரம்மும் இருக்கும். வரலைன்னா அத்தனையும் நானே வேரோட புடுங்கிப் போடறேன், நீங்க காங்கிரீட்டப் போட்டுக் காரு இல்லைன்னா கப்பல நிறுத்திக்குங்க"ன்னு. சொல்லிட்டேனுங்க. சொன்னாச் சொன்னதுதான்.

நேத்துப் பூத்துச்சு. அதான் சொன்னேனே, தண்ணி.

ஊட்டுல இன்னும் யாருக்கும் சொல்லல. எங்கூட்டுக்காரரு அதுக்குள்ள நாளைக்கு மேஸ்திரிய வரச்சொல்லியிருக்கறாரு. காலையில நானே கடப்பாரைய எடுத்துட்டுப் போயி மல்லி வேருகிட்ட நின்னேன். கை வரலீங்க. அழுகதான் வந்துச்சு. ஒவ்வொரு புள்ளியும் நான் வச்சது. அப்பறம் யோசிச்சேன், தப்பு செடியில இருந்தா தோட்டம் தோத்ததா ஆகாதில்லீங்களா? நர்சரிக்காரன் வாசமில்லாத சாதியக் குடுத்துட்டான், அவ்வளவுதான். கடப்பாரையப் போட்டுட்டுத் தொட்டியத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டேன். இந்தப் பையில ஒரு பாட்டலு மீன் அமிலமும் இருக்குது, ஊட்டத்துக்கு நான் எத்தன பாடுபடறேன்னு அவனுக்குக் காட்டறதுக்கு. மூடி கொஞ்சம் லூசு. கசிஞ்சிருக்குதுபோல, பையெல்லாம் ஈரம்.

அம்மிணி, ஒண்ணு கேட்டாச் செய்வீங்களா? நீங்க யாரோ, நான் யாரோ. உங்களுக்கு எங்கூட்டுக்காரரத் தெரியாது, அந்த டீச்சரத் தெரியாது. எனக்காகப் பொய் சொல்லோணும்னு உங்களுக்குத் தலையெழுத்தில்ல. இந்தப் பூவ மோந்து பாத்துச் சொல்லுங்க. அவன்கிட்டப் போயி நிக்கறப்ப எனக்கு ஒரு சாட்சி வேணும். பூவ மோக்கக் கூடாதுன்னு சொல்லி வளத்திருப்பாங்க, தெரியும். அது சாமிக்கு வைக்கற பூவு. இது எந்தச் சாமிக்கும் போறதில்ல, கிள்ளித் தர்றேன். இந்தாங்க. கர்ச்சீப்ப எடுத்துட்டு, நல்லாக் கிட்ட வச்சு.

ம். வாசமில்லைல்லீங்க?

கண்ண எதுக்கு மூடறீங்க?

அம்மிணி, போதும். சொல்லுங்க.

உச்சந்தலைக்கு ஏறுதுங்களா? இருங்க, நீங்களாச் சொல்றீங்களா, டீச்சரு சொன்னத நான் சொன்னதுனால சொல்றீங்களா? எனக்கு மனசு நோகக் கூடாதுன்னு பாக்காதீங்க. இன்னொருக்கா மோந்து பாருங்க. வேற என்ன தெரியுது? நான் சொல்லாதது எதாச்சும் சொல்லுங்க.

அப்பறம் தொண்டையில எறங்கி இனிக்குதுங்களா?

நான் அத உங்களுக்குச் சொல்லவே இல்லியே.

அதுதாங்க. அதுதாங்க இருவாச்சி. மொதல்ல உச்சிக்குப் போகும், அப்பறம் தொண்டையில எறங்கி இனிக்கும். என்ற கல்யாணத்தன்னைக்குச் சடையில வச்சாங்க, அன்னைக்குப் பூரா எச்சில் முழுங்குனா இனிச்சுது. எனக்கு ஞாபகம் இருக்குது.

அப்பச் செடி சரியாத்தான் இருக்குது.

அப்பக் காப்பித்தூளு. கொத்தமல்லி. அந்த ஜவ்வாது. எங்கூட்டுக்காரரு பாவம், ரசம் மணக்குது மணக்குதுன்னு எத்தன தடவ சொன்னாரு. அப்ப... அந்தக் கொழந்தைக்கும் வாசம் இருந்திருக்குமுங்களே. பால் வாசம். இருந்திருக்கும். நான் என்ற மகள அழ வச்சுட்டு வந்தேன்.

அழுகலீங்க. புழுதி.

இருங்க. அப்ப டிரம்மு? இந்தப் பாட்டலு? அம்மிணி, அந்தக் கர்ச்சீப்பு தூசிக்கு இல்லீங்களா?

சொல்லாதீங்க. தெரியுது. இத்தன நேரம் எப்படி உக்காந்திருந்தீங்க? அட சாமி, அந்தச் சங்கத்துக்காரங்களுக்கு அதுக்குப் பக்கத்துலயே காப்பி குடுத்தேனே!

என்னங்க கண்டக்டரே? தோட்டத்துப்பிரிவா? எறங்கலீங்க, விசிலடிங்க. நர்சரியும் இல்ல ஒண்ணும் இல்ல. கேட்டது நான்தான், எறங்க மாட்டேங்கறதும் நான்தான், எதுக்கு மொறைக்கறீங்க?

காங்கிரீட்டா? மேஸ்திரி வரட்டும், கேட்டப் பூட்டிட்டு உள்ள நிக்கறேன். வாசம் வந்தாத் தோட்டம் இருக்கும்னுதான நான் சொன்னேன்? வந்துருச்சு. என்ற மூக்குக்கு வரோணும்னு நான் சொல்லவே இல்லியே! நாலு பேரு சாட்சி. உங்க மூக்குக்கு வந்துருச்சு, டீச்சரு மூக்குக்கு வந்துருச்சு, எனக்கு அது போதும். ஒரு செடியில கை வைக்கட்டும் பாக்கலாம். டிரம்ம வேணாக் காலி பண்ணிட்டு மறுபடி போடறேன், வெல்லத்த ஒழுங்காப் போட்டு. பதமாயிருச்சான்னு டீச்சருதான் வந்து மோந்து சொல்லோணும். தொரட்டியும் கொண்டாரட்டும், கேட்டு வழியா வரட்டும். எத்தன பூ வேணும்னாலும் பறிச்சுக்கட்டும், ஆனா ஒவ்வொண்ணும் எப்படி இருக்குதுன்னு எனக்குச் சொல்லிட்டுத்தான் எடுத்துட்டுப் போகோணும். டாக்டருகிட்டப் போறதப் பத்தி அப்பறம் பாத்துக்கலாம். போவேன், போகாம என்ன? என்ற பேத்திக்காகப் போவேன். எங்கூட்டுக்காரரு சொன்னாருன்னு போக மாட்டேன்.

நீங்க எங்க எறங்கறீங்க? கடைசி வரைக்குமா? நல்லதாப் போச்சு. பாட்டல நான் காலுக்குக் கீழ தள்ளி வச்சுக்கறேன், நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்குங்க. அந்தப் பூவ இன்னொருக்கா மோந்து பாருங்க அம்மிணி. மெதுவா. மொதல்ல என்ன வருது, அப்பறம் என்ன வருதுன்னு ஒண்ணு விடாமச் சொல்லீட்டே வாங்க, நான் கேட்டுட்டே வர்றேன். எனக்கென்ன அவசரம், பொம்பளைகளுக்குத்தான் பஸ்ஸுல காசில்லியே.